பலாமரத்துத் தண்டவாளம்

என் பாட்டு ஒன்றில் ஓர் ஓட்டை இருக்கிறது. பாட்டின் நடுவில் கிட்டார் நிற்கும், டிரம்ஸ் நிற்கும், என் குரலும் நிற்கும். நான்கு தட்டு நேரத்துக்கு ஒன்றுமே இருக்காது. பிறகு ஒன்றும் நடக்காதது போலப் பாட்டு தொடரும். கொழும்பில் அதை முதல் தடவை வாசித்தபோது, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மண்டபக்காரர் பின்பக்கம் ஓடினார். இன்னொரு தடவை பேட்டி எடுக்க வந்த ஒரு தம்பி, அந்த மௌனம் மலையக மக்களின் பேசப்படாத துயரத்தைக் குறிக்கிறதா என்று கேட்டார். அவ்வளவு அழகாகக் கேட்டவரை ஏமாற்ற மனம் வராமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது பச்சைப் பொய். உண்மையை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா, அம்மா இரண்டு பேரும் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள். எங்கள் தோட்டத்தில் கிட்டார் இருந்த ஒரே இடம் மாதா கோயில். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அந்தக் கிட்டாருக்காக நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் மண்டியிட்டேன். பாதருக்கு என் பக்தி மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் கிட்டார்காரர் அடிக்கடி லீவு போட்டதால் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

என் காதில் விழுந்த முதல் இசை அந்தக் கிட்டார் அல்ல. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடுகிற இடத்தில், பழைய ரயில் தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்கியது. காலையில் ஆட்களைக் கூப்பிட அதில் நாலு அடி. மரங்களில் கட்டியிருக்கும் தேங்காய்ச் சிரட்டைகளில் பால் சேர்ந்த பிறகு, போய் எடுத்து வாருங்கள் என்று சொல்ல இன்னொரு நாலு அடி. கிட்டார் கையில் வந்த பிறகு அது எந்தச் சுருதி என்று தேடிப் பார்த்தேன். இரண்டு சுரங்களுக்கு நடுவில், எதிலும் சேராமல் நின்றது. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எதிலும் சேராமல் நிற்பது எனக்கும் சின்ன வயதிலிருந்தே கை வந்த கலை.

இரத்தினபுரிப் பக்கம் ஒரு கல்யாண பேண்ட் செட்டில் இரண்டு வருடம் இருந்தேன். சினிமாப் பாட்டைத் தவிர வேறொன்றும் வாசிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலி கட்டி முடித்த சந்தோஷத்தில், ரப்பர் ஷீட் போடுகிற ரோலர் மெஷினின் சத்தத்தைக் கிட்டாரில் வாசித்துக் காட்டினேன். பெண்ணின் மாமா சாம்பார் கரண்டியோடு மேடைக்கு வந்தார். அன்றோடு அந்த வேலை போனது. போனதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அன்று என்னோடு சேர்ந்து வெளியே வந்தவன் டிரம்ஸ்காரன். கஹவத்தை டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிற சிங்களப் பையன். என்னை மச்சாங் என்பான், நானும் அவனை மச்சாங் என்பேன். பதினாறு வருடமாக எங்கள் இசைக்குழு என்பது இந்த இரண்டு மச்சாங்குகள்தான். சிரட்டைகளைக் கயிற்றில் கோத்து வரிசையாகத் தொங்கவிட்டு அடித்தோம். பால் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் வெட்டுக் கத்தியால் தட்டினோம். எங்கள் தோட்டத்து ரோலர் மெஷின் ஒரு சுற்றுக்கு ஏழு தட்டு தட்டும். அந்த ஏழை வைத்து ஒரு ராக் பாட்டு செய்து யூடியூபில் போட்டோம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்ப வரும்? இன்னும் மெஷின் ரிப்பேர்தான் நடக்குது" என்றார். ஆனால் முழுவதும் கேட்டார்.

முதல் வாரம் பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் டிரம்ஸ்காரனின் சொந்தக்காரர்கள். வெளியாள் ஒருத்தி மட்டும் கீழே எழுதியிருந்தாள்: 'ஏழாவது தட்டு பிந்தி வருகிறது. உங்கள் ரோலருக்கு எண்ணெய் போட வேண்டும் அல்லது உங்களுக்குத் தாளம் தெரியவில்லை.' எனக்கு மூக்கு நுனியில் கோபம். பதினைந்து வரியில் பதில் எழுதினேன். அவள் தன் தோட்டத்து ஸ்டோரில், அதாவது பாலை ஷீட்டாக்குகிற கட்டடத்தில், ஓடுகிற ரோலரைப் போனில் பதிந்து அனுப்பினாள். கேட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அவள் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு வருடம் தாளத்தைப் பற்றிச் சண்டை போட்டோம். பிறகு தாளத்தை விட்டுவிட்டும் பேசினோம். ஒரு நாள் பேசி முடித்து போனை வைத்தபோது, இவள் இல்லாமல் இனி என்னால் ஒரு பாட்டும் செய்ய முடியாது என்று எனக்குப் புரிந்தது. பாட்டு மட்டுமல்ல, ஒன்றுமே முடியாது. அடுத்த நாளே அதைச் சொன்னேன். அவளுக்கும் சம்மதம். ஆனால் அவளுக்கு அப்பா இல்லை. பால் வெட்டி அவளைப் படிக்க வைத்த அம்மா ஒருத்திதான் எல்லாம். அந்த அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அம்மாவிடம் போனில் பேசினேன்.

"தம்பி என்ன வேலைக்குப் போறீங்க?"

"இசையமைக்கிறேங்க."

"சரி, அது வேலைக்குப் போறதுக்கு முன்னாடியா, வேலை முடிஞ்சு வந்தா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சொன்னார்: "எங்க தோட்டத்துக்கு வந்து வாசிச்சுக் காட்டுங்க தம்பி. என்ன வேலைன்னு கண்ணால பாத்துட்டு சொல்றேன், குடுக்கலாமா வேணாமான்னு."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டிரம்ஸ்காரனின் த்ரீவீலரில் கிளம்பினோம். பெரிய டிரம் கூரை மேல், சிரட்டைகள் பின்னால், நான் ஸ்பீக்கரைக் கட்டிப் பிடித்தபடி. குருவிட்டவில் இறங்கி டீ குடித்தபோது கடைக்காரர் எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போகிறோம் என்று கேட்டார். "மே மச்சாங்ட கசாதயக்" என்றான் இவன், இவனுக்குக் கல்யாணம் என்று. அதற்குள்ளேயே கல்யாணம் ஆக்கிவிட்டான். நான் வாய் நிறையச் சிரித்தேன்.

அந்தத் தோட்டத்தில் நாலு நாள் அடைமழை பெய்து, அன்றுதான் வெயில் வந்திருந்தது. ஸ்டோருக்குப் பக்கத்தில் பெரட்டுக் களம். அதிலே மேடை, அதாவது இரண்டு பெஞ்சு. கொஞ்சம் கீழே லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மேலே, ஏறக்குறைய இருநூறு படி ஏறினால், பள்ளிக்கூட மைதானம். இரண்டு மணிக்கு நாங்கள் தொடங்கியபோது பதினொரு பேர் இருந்தார்கள், ஒரு நாயும் இருந்தது. குற்றம் சொல்ல முடியாது. நாலு நாள் காயாத துணியை விட்டுவிட்டு எவன் ராக் கேட்க வருவான்? முன்வரிசையில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆட்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையில் டீச்சர் இன்னும் நாற்காலி எடுத்து வரப் பள்ளிக்கூடத்துக்குப் படியேறிப் போயிருந்தாள்.

முதல் பாட்டுக்கு யாரும் அசையவில்லை. இரண்டாவது பாட்டில் நாய் கொட்டாவி விட்டது. அம்மாவின் கை கட்டியது கட்டியபடியே இருந்தது. மூன்றாவது, அந்த ஏழு தட்டு ரோலர் பாட்டின் நடுவில் எனக்கு வேர்த்து ஊற்றியது. இவரை எப்படியாவது அசைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் என் வாழ்க்கை இந்தக் களத்தோடு முடிந்தது என்று தோன்றியது. அப்போதுதான் பார்த்தேன். களத்து ஓரப் பலாமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் இருப்பதைப் போலவே. பக்கத்தில் அடிக்க இரும்புக் கம்பியும் சாய்த்து வைத்திருந்தது.

எனக்குப் பரவசம். என் முதல் சுருதி, என் பாட்டுக்குள்ளேயே! கிட்டாரின் வயரைக் கழற்றிவிட்டு, அது கழுத்தில் தொங்கத் தொங்க மரத்தடிக்குப் போனேன். தண்டவாளத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து, மரியாதையாகத் தொட்டுக் கும்பிட்டேன். பிறகு கம்பியைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு, உயிரைக் கொடுத்து நாலு அடி அடித்தேன்.

எவ்வளவு அருமையான சத்தம்! அந்த நாலு அடியை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். தாளம் சுத்தமாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது பதினொரு பேரும் இல்லை. நாயும் இல்லை. நீல நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

அந்தப் பகுதியில் மலை சரிந்த வருடம் இந்தத் தோட்டம் தப்பித்தது. ஆனால் பக்கத்து மலை இறங்கியதை இவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதற்குப் பிறகு இங்கே பெரட்டுக்கு ஹார்ன்தான் அடிக்கிறார்கள். தண்டவாளம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: மண் அசைகிறது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேலே ஓடு. பிள்ளைகள்கூட அதன் மேல் ஒரு கல்லை எறிய மாட்டார்கள். சிவப்புத் துணி அதற்குத்தான். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் யாருக்குச் சொல்வார்கள்? என் தோட்டத்தில் அது வேலைக்குக் கூப்பிடுகிற மணி, இவர்கள் தோட்டத்தில் உயிருக்குக் கூப்பிடுகிற மணி.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் கம்பியும் கையுமாக நின்று, லயங்களிலிருந்து ஜனம் பிதுங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாட்டைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சிரிக்கக்கூடச் செய்தேன். அவர்கள் என்னைத் தாண்டிப் படிகளில் ஏறினார்கள். டிரம்ஸ்காரன் சின்ன டிரம்மைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்களோடு ஓடினான். ஏன் ஓடினாய் என்று பிறகு கேட்டேன். "ஒக்கோம திவ்வானே மச்சாங், மமத் திவ்வா" என்றான். எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். அவன் வரைக்கும் அது நியாயம்தான்.

கடைசியாக லயத்துப் பக்கமிருந்து அவள் அம்மா வந்தார். தோளில் ஒரு கறுப்புப் பை. நேராக மரத்தடிக்கு வந்து என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். இருபது வருடம் பால் வெட்டிய கை, இரும்புப் பிடி.

"நிக்கிறியே! வாடா!"

"அம்மா, நான்தான்..."

"பேசாத! மூச்சப் பேச்சுல விடாத! ஏறு!"

"இல்லம்மா, அந்த மணி..."

"ஏறுடா!"

இருநூறு படியும் இழுத்துக்கொண்டே ஏறினார். கிட்டார் என் முழங்காலில் மோதி மோதிச் சத்தம் போட்டது. பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை.

மைதானத்தில் தோட்டமே நின்றது. எல்லோர் தோளிலும் ஒரு பை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாங்குப் புத்தகம், கிளினிக் கொப்பி என்று, ஓடும்போது எடுக்க வேண்டியதை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் மாட்டி வைத்திருக்கிறார்கள். பைக்கு மேல் அவரவர் கையில் அகப்பட்டதும் இருந்தது. ஒருவர் கையில் கோழி. ஒரு அக்கா கையில் சோப்பு நுரையோடு போர்வை. ஒருவர் டிவி ரிமோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். தோட்டத் தலைவர் பெயர் எழுதிய ஒரு கொப்பியை விரித்து லயம் லயமாகக் கூப்பிட்டார். "எட்டாம் லயம்?" "எல்லாரும் இருக்கோம்!" "ஒம்பதாம் லயம்?" "இருக்கோம்!" கூப்பிட்டு முடித்துவிட்டு மலையைப் பார்த்தார். எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். மலை வெயிலில் சும்மா இருந்தது.

"மணி அடிச்சது யாரு? மண்ணுல எங்க வெடிப்பு?"

நான் கையைத் தூக்கினேன். வலது கையை. அதில் இரும்புக் கம்பி இன்னும் இருந்தது. இடது கை அம்மாவின் பிடியில் இருந்தது.

"நான்தாங்க. வெடிப்பு ஒன்னும் இல்லீங்க. பாட்டுக்கு அடிச்சேன்."

அம்மா என் மணிக்கட்டை விட்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. பிறகு நாலு பக்கமும் வெடித்தது. "அடுப்புல சோறு!" என்று ஒரு அம்மா படியிறங்கி ஓடினார். முன்னால் ஒரு சின்னப் பிள்ளை தன் தாயின் கால்களைக் கட்டிப் பிடித்து நடுங்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த இசைமேதை செத்துப்போனான். யாரும் செய்யாததைச் செய்கிறவன் என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு முன்னால் அசிங்கமாகத் தெரிந்தது. "தெரியாம பண்ணிட்டேங்க. மன்னிச்சிடுங்க" என்றேன். டிரம்ஸ்காரன் பக்கத்தில் வந்து, தானும் சேர்ந்து அடித்தவன் போல, "சமாவென்ன, சமாவென்ன" என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டான்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட வாசலில் தலையில் நாற்காலியோடு நின்றிருந்த டீச்சர்தான். அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "தலைவரே," என்றாள், "மண்சரிவுப் பயிற்சின்னு கூப்பிட்டா என்னைக்காவது இத்தனை பேர் வந்திருக்காங்களா?"

தலைவர் கொப்பியை மறுபடியும் பார்த்தார். "ஒருத்தரும் பாக்கியில்ல," என்றார் மெதுவாக. "நாலாம் லயத்துக்காரங்க கூட வந்திருக்காங்க. போன பயிற்சிக்குப் படம் பாத்துக்கிட்டு இருந்தவங்க." திட்டுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அவர் முகம் பட்ட பாட்டைப் பார்த்து ரிமோட்காரர் சிரித்தார். பிறகு கோழிக்காரர். பிறகு எல்லோரும். பின்னால் ஒரு குரல், "சரி, வந்தது வந்தோம். பாடச் சொல்லுங்க, கேப்போம்" என்றது.

ஸ்பீக்கர் கீழே. மைக் கீழே. வயரில்லாத ஒரு கிட்டார், ஒரு சின்ன டிரம், பள்ளிக்கூட மேசைகள். நான் அதுவரைக்கும் வாசித்ததிலேயே நல்ல கச்சேரி அதுதான், இன்று வரைக்கும் அதுதான். நிறுத்திய மூன்றாவது பாட்டையே முதலிலிருந்து எடுத்தேன். மேசைகளில் ஜனம் ஏழு தட்டுத் தட்டியது. ரோலரோடு வாழ்கிறவர்கள் அல்லவா, ஒருவருக்கும் ஏழாவது பிந்தவில்லை. நடுவில், தண்டவாளத்தை அடிக்கப் போன அந்த இடம் வந்தது. என் கை நின்றது. அடிக்க மனம் வரவில்லை, வேறொன்றை அந்த இடத்தில் வைக்கவும் மனம் வரவில்லை. நாலு தட்டு சும்மா போனது. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கோழி மட்டும் ஒரு தடவை கொக்கரித்தது. நடுங்கிய பிள்ளை அதற்குக் கெக்கெக்கென்று சிரித்தது. பாட்டு தொடர்ந்தது. அந்த ஓட்டை அப்படித்தான் வந்தது. அன்றிலிருந்து அதை நான் மூடவில்லை.

எல்லாம் முடிந்து ஜனம் இறங்கிப் போன பிறகு, பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கறுப்புப் பை மடியில். வாசிக்கும்போது அவர் கை கட்டியிருந்ததா அவிழ்த்திருந்ததா என்று பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. கேட்கவும் பயம், கேட்காமல் போகவும் முடியாது.

"அம்மா, பாத்துட்டு சொல்றேன்னீங்க."

"பாத்தேன்." டீயை ஊதினார். "வேலை என்னன்னு இன்னும் வெளங்கல."

டிரம்ஸ்காரன் தமிழ் முழுக்கத் தெரியாமலே தலையைக் குனிந்தான். அம்மா பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மகளின் பிறப்புச் சான்றிதழ், மகளின் டீச்சர் வேலைக் கடிதம், செத்துப்போன புருஷனின் போட்டோ.

"ஓடணும்னா எடுக்க வேண்டியது எல்லாம் இதுல இருக்கு," என்றார். "இதுக்குள்ள வைக்க முடியாதது எனக்கு ரெண்டே ரெண்டு. மக மேல ஸ்கூல்ல இருக்கான்னு தெரியும். நீதான் கீழ நின்ன."

ஜிப்பை மூடினார்.

"டீ ஆறுது, குடிடா."